மூடாக்கில் முளைத்த செய்வினை

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்குகிறேன். எங்கள் சேக்காடு அபார்ட்மென்ட் வாசலில், செம்பருத்தியைச் சுற்றி நாலைந்து பேர். யாரும் பூவைப் பார்க்கவில்லை. செடியின் காலடியைப் பார்க்கிறார்கள்.

மஞ்சள்! அப்படியொரு மஞ்சள். யாரோ குழைத்து, நுரைக்க நுரைக்க அடித்து, ஒரு கை அள்ளி அப்பிவிட்டுப் போனதுபோல. ராத்திரி மழையில் ஊறிய மரத்தூளின்மேல் அது மூச்சு விடுவதுபோல் உப்பிக்கொண்டு... எனக்கு அழகாகத்தான் இருந்தது. சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

“நேத்து சாயங்காலம் இல்ல மேடம். யாரோ வெச்சிருக்காங்க,” என்றார் மாணிக்கம். எங்கள் அசோசியேஷன் செயலாளர். ராணுவ டாங்கி செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாங்கியைக் கழற்றி மாட்டியவர், ஒரு பிடி மஞ்சளைக் கண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

“எதை வெச்சிருக்காங்க?”

“செய்வினைதான் மேடம். வேறென்ன?”

கோமியம் வந்தது. கல் உப்பு வந்தது. கடைசியில் மாணிக்கமே ஹோஸ் பைப்பைத் திருப்பி, மஞ்சள்மேல் ஆசை தீரத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று இடத்தில் மஞ்சள். அதில் ஒன்று, முதல் நாள் பார்த்த இடத்திலிருந்து ஒரு முழம் நகர்ந்து கேட்டுக்கே வந்துவிட்டது!

அன்றைக்கே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டீஸ்: ‘தோட்டத்தில் வேண்டாத பொருள் வைக்கப்பட்டுள்ளது. எனவே பணியாளர் அமுலு இன்று முதல் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார்.’

அமுலு எங்கள் படிகளைப் பெருக்குபவர். செடிக்குத் தண்ணீர் விடுபவரும் அவர்தான். பழி ஏன் அவர்மேல்? மரத்தூள் மூட்டையைச் சுமந்து வந்து கொட்டியது அவர். பூந்தமல்லியில் மர இழைப்புப் பட்டறையில் அவருடைய தம்பிக்கு வேலை. மண் காயாமலிருக்க அதன்மேல் போர்த்துகிற இந்த மாதிரிப் போர்வைக்கு மூடாக்கு என்று பெயர். சரி, மூடாக்குப் போடச் சொன்னது யார்?

நான்தான். என் யோசனை, அவர் வேலை போயிற்று. இந்த ஒரு கட்டடம் போனால் பரவாயில்லையா? செய்வினைக்காரி என்று ஒரு தெருவில் பெயர் விழுந்தால், அடுத்த தெருவில் யார் கேட்டைத் திறப்பார்கள்?

போன் பண்ணினார் அமுலு.

“நான் இன்னாக்கா பண்ணேன்? மூட்டைய அவுத்துக் கொட்னேன். மந்திரம் தெரிஞ்சா நான் ஏன்க்கா உங்க ஊட்டுப் படிய பெருக்கிகினு கீறேன்?”

செல்போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். செடிகளுக்குப் பெயர் சொல்கிற ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். மஞ்சளைக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்து அது சொன்ன பதில் — முட்டைப் பொரியல்.

இந்த அறிவாளியை நம்பிப் பயனில்லை. காளான் பார்ப்பவர்களின் குரூப் ஒன்றில் போட்டோவைப் போட்டேன். ஒரு முகம் தெரியாத புண்ணியவான் திருப்பிக் கேட்டார்: ‘இடம் மாறியதா? உள்ளே என்ன நிறம்?’ நகர்ந்தது என்றதும், உள்ளே கருந்தூள் இருந்தால் இன்னதுதான் என்று பெயரோடு விவரமும் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. கார் பார்க்கிங்கில் அசோசியேஷன் கூட்டம். எல்லோரையும் செம்பருத்தியடிக்கு அழைத்து, அவர்கள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஐஸ் குச்சியால் மஞ்சளைப் பிளந்தேன்.

“தொடாதீங்க மேடம்!”

தொட்டேன். விரலால்தான். உள்ளே காப்பித்தூள்போலக் கருந்தூள்.

“காளானுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்குங்க. மழை பெஞ்சா, மக்குற மரம் கெடைச்சா வரும். சளி மாதிரி ஊர்ந்து ஊர்ந்து சாப்பிடும். காஞ்சா இப்படித் தூளாயிடும். மூக்குல ஏத்திக்காதீங்க, அவ்ளோதான். தண்ணி பீய்ச்சுனா தெறிச்சுப் போயி நாலு இடத்துல முளைக்கும்.”

“அப்ப... பரப்புனது?” மாடி வீட்டுப் பெண் மெல்லக் கேட்டாள்.

“சார்தான்.”

“இதுக்குப் பேரு?” என்றார் மாணிக்கம், விடாமல்.

“இங்கிலீஷ்ல நாய் வாந்தி.”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. சாயங்காலம் வாட்ஸப்பில் செய்தி: ‘அமுலு மீண்டும் பணிக்கு அனுமதிக்கப்படுகிறார்.’

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வினைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எலுமிச்சம்பழமும் மஞ்சளும் வைப்பது. மற்றது, பள்ளிக்கூடத்து இலக்கணம் — யார் செய்தார் என்று முகத்துக்கு நேரே சொல்கிற வாக்கியம். நம் ஆட்களுக்கு முதலாவதன்மேல் பயம். இரண்டாவதன்மேல் அதைவிடப் பயம். அதனால்தான் வைக்கப்பட்டது, நிறுத்தப்படுகிறார், அனுமதிக்கப்படுகிறார்... ஒரு பெண்ணின் வேலை பறிபோகிறது. பறித்த கையை மட்டும் காணோம்!

நான் செய்வினையிலேயே எழுதிவிடுகிறேன். மரத்தூளைக் கொண்டுவரச் சொன்னேன். நோட்டீஸைப் பார்த்த பிறகும் இரண்டு நாள் இந்தக் கட்டடத்தில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூடாக்கை அள்ளி வெளியே கொட்ட வருகிறவர்களை விடமாட்டேன்.

இதையே எங்கள் அசோசியேஷன் குரூப்பிலும் போட்டேன். பதினோரு நீல டிக். ஒரு பதிலும் இல்லை.

திங்கட்கிழமை அமுலு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“நோட்டீஸ் இன்னும் கீதேக்கா.”

“நான் கிழிச்சிடறேன், உள்ளே வா.”

“நீ ஏன் கிழிக்கிற? யார் ஒட்னாங்களோ அவுங்க கிழிக்கட்டும். அப்பால தொடப்பத்த தொடறேன்.”

போய்விட்டார். நாலு நாள். படியில் இலை, பான்பராக் கவர், யாரோ கொட்டிய சாம்பார். நாங்கள் தாண்டித் தாண்டி நடந்தோம். மஞ்சள்கூட உலர்ந்து பழுப்பாகி உதிர்ந்துவிட்டது, நோட்டீஸ் உதிரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாணிக்கமே அமுலுவுக்குப் போன் பண்ணி வரச் சொன்னார். அவர் கேட்டருகே நிற்க, இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் பெட்டிப் பக்கம் போனார். நோட்டீஸைப் பிடித்து இழுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அமுலு அசையவில்லை.

“டேப்பு ஒட்டிகினு கீது சார். அதையும்.”