நான்காம் இணைப்பில் இருந்தது

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆட்சேபம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ஆட்சேபம். இது அவளுக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமைதான். பதினோரு வருஷம் காப்பீட்டு வாரியத்தில் உட்கார்ந்து ஊரார் மனுக்களை ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பியவள், ஒரு நாள் குத்தியது போதும், இனி குத்து வாங்கிப் பார்ப்போம் என்று எதிர்ப்பக்கம் தாவிவிட்டாள். தாவிய இடம், மருத்துவக் கருவி செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. மொத்தமே பதினாறு பேர். கருவி செய்வது அவர்கள் பாடு. அதை வாரியத்தின் பட்டியலில் ஏற்றுவது இவள் பாடு. ஏறினால் இன்சூரன்ஸ் செலவை ஏற்கும், மருத்துவமனைகள் வாங்கும். ஏறாவிட்டால் எப்பேர்ப்பட்ட கருவியும் அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

அவளிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. எந்தக் கருவியானாலும் ஒரு வாரம் தானே போட்டுப் பார்க்காமல் கோப்பில் ஒரு வரி எழுத மாட்டாள். இந்த முறை வந்தது முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஒரு பட்டை. பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவர்கள் அடியெடுத்து வைக்கும்போது, லேசாக மின்சாரம் கொடுத்து முன்பாதத்தைத் தூக்கிவிடும். பழுதில்லாத தன் காலில் கட்டிக்கொண்டு அவள் சமையலறையில் நடமாட, பாதம் வெடுக் வெடுக்கென்று மேலே போனது.

“என்ன, யாரை உதைக்கப் போறே?” என்றார் பஸ் ஓட்டுநரான கணவர்.

“பக்கத்துல வராதீங்க. அதுவாத்தான் தூக்குது. நான் பொறுப்பில்ல.”

கருவி நல்ல கருவி. ஆனால் வாரியம் இரண்டு முறை கையை விரித்துவிட்டது. ‘பத்து மீட்டர் நடக்க மூன்று விநாடி குறைகிறது. இது சௌகரியம், சிகிச்சை அன்று.’ கம்பெனியின் சொந்தக்காரரான பொறியாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆட்சேபத்துக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் எழுதியிருப்பாள். மூன்றாவது முறையும் மறுத்தால் இரண்டு வருஷத்துக்கு வாசலை மிதிக்க முடியாது.

வாசல் போனால் போகிறது. அவளைக் குடைந்தது தையல்காரம்மாதான். சோதனைக்காகக் கருவி கொடுக்கப்பட்ட அறுபது பேரில் ஒருத்தி, ஐம்பத்தெட்டு வயது. சோதனை முடிந்துவிட்டது. பட்டியலில் ஏறாவிட்டால் மாதக் கடைசிக்குள் எல்லோரும் கருவியைத் திருப்பித் தர வேண்டும். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தம்மா போன் செய்வாள். “ஏதாவது தெரிஞ்சுதா தங்கச்சி?”

கடைசி மனு எழுதும் முன் அந்தம்மாவை நேரில் பார்க்கப் போனாள். சந்துக்குள் ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின், தரையெல்லாம் துணித் துண்டுகள். அந்தம்மா மேசையருகே நின்றபடி துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்போ வேகமா நடக்க முடியுதாக்கா?”

“வேகமா நடந்து எந்த ரயிலைப் பிடிக்கப் போறேன்? இதுக்கு முந்தின வருஷம் ஆறு தடவை விழுந்தேன். ஒரு தடவை கையில கத்திரிக்கோலோட. இதைக் கட்டி ஒரு வருஷமாச்சு, ஒரு தடவைகூட விழல. அதை எழுதுனியா?”

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை. இந்தத் தொழிலில் விழுவது என்றால் தீங்கு. கருவியைச் சோதிக்கும் காலத்தில் யார் விழுந்தாலும், தோல் சிவந்தாலும், அது தீங்குப் பதிவேட்டுக்குப் போகும். அங்கிருந்து கோப்பின் கடைக்கோடியில் நான்காம் இணைப்பாகிவிடும். கருவியால் ஆபத்து இல்லை என்று காட்ட மட்டுமே அதைப் புரட்டுவார்கள். அதில் போய் நல்ல சேதியை யார் தேடுவார்கள்?

அலுவலகத்துக்கு ஓடிவந்து புரட்டினாள். ஒரு வருஷத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கருவி தராமல் வைத்திருந்த அறுபது பேர் எழுபத்தொரு முறை விழுந்திருக்கிறார்கள். கருவி கட்டிய அறுபது பேர் பத்தொன்பது முறை. இரண்டு முறையும் அந்த இணைப்பைத் தைத்து ஒட்டியது அவள் கைதான். தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

பொறியாளர் தயங்கினார். “நம்ம மெஷினோடயும் பத்தொன்பது தடவை விழுந்திருக்காங்களே. அதை முதல் பக்கத்துல போடணுமாம்மா?”

“விழுந்ததை மறைச்சா, விழாததையும் சேர்த்துல்ல சார் மறைக்கறோம்?”

வாரியக் கூட்டம் மாதக் கடைசி நாள், காலை பத்து மணிக்கு. நீள மேசை, ஏழு பேர். தலைமையில் இருந்த டாக்டரம்மா ஒரு காலத்தில் இவளுக்கு மேலதிகாரி. முதல் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரி, பட்டியல்ல சேர்க்கலாம். ஒரே நிபந்தனை. கடைசி ஒரு வருஷத்துல ரெண்டு தடவையாவது விழுந்தவங்களுக்கு மட்டும்தான்.”

பொறியாளர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்: ஒத்துக்கொள், கிளம்பலாம். அவளுக்கோ தையல்காரம்மாவின் முகம் கண்முன் வந்துவிட்டது.

“ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? எங்க மெஷினைக் கட்டிட்டு ஒரு வருஷமா விழாம இருக்கறவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்க இதைக் கழட்டிட்டு, ரெண்டு தடவை விழுந்துட்டு வரணுமா?”

பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. கிடைத்ததும் போச்சு என்று அவளுக்கே தோன்றியது. ஓரத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

“இங்க இருந்தப்பவும் நீ இப்படித்தான் கழுத்தறுப்பே,” என்றார் டாக்டரம்மா. பேனாவை எடுத்து, ‘ஏற்கெனவே கருவி அணிந்திருப்பவர்களுக்கும்’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் போன் செய்தாள். “அக்கா, திருப்பித் தர வேண்டாம். அது உங்களுக்குத்தான்.”

மறுமுனையில் தையல்காரம்மா சொன்னாள்: “இன்னிக்கு ஆள் வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு காலையிலயே கழட்டிப் பெட்டியில வெச்சுட்டேன் தங்கச்சி. அப்போலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. இரு, கட்டிக்கறேன்.”

போனை மேசையில் வைக்கும் சத்தம். பெட்டியைப் பிரிக்கும் சத்தம். நாற்காலி நகர்ந்தது. அப்புறம் அறைக்குள் நடக்கும் காலடிகள் கேட்டன. இரண்டு காலும் ஒரே மாதிரி கேட்டன. அந்தம்மா போனை மறந்தே போய்விட்டாள். இவள் சுவரில் சாய்ந்து, சந்தோஷமாக, வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.