சிவப்புப் பேனையால் கீறிய கடிதம்

ஸகியாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தும் எழுதுகிறேன். அவளுக்கு நடந்ததை எங்கள் ஊரில் ஆளுக்கொரு மாதிரிக் கதைக்கிறார்கள். எல்லாக் கதையிலும் என்னைக் காப்பாற்றிவிடுகிறார்கள். "கெஷியர் காக்கா நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்கிறார்கள், அண்ணன் என்பதை நாங்கள் காக்கா என்போம். நல்லதுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த எழுத்து.

கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஸகியா இருப்பது எனக்கு அடுத்த ஒழுங்கையில், ஒரு சந்து தள்ளி. விடியற்காலைச் சுபஹு பாங்கொலிக்கு முன்பே எழும்பி இடியப்பம் அவித்து நான்கு தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பாள். அவளுடைய புருஷன் முகைதீன்பாவா கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தொழிற்சாலையில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். அந்தத் தொழிற்சாலையை அரசாங்கம் தனியாருக்கு விற்றபோது வேலை செய்தவர்களுக்கும் கொஞ்சம் பங்குகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மனிதர் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பங்குகளைப் பற்றி மனைவியிடம் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை, "ஒரு கடதாசி தந்திரிக்கானுகள்" என்று சொன்னதோடு சரி. அந்தக் கடதாசி, கடற்கரை வீதியில் இருந்த வீடு, முகைதீன்பாவா எல்லாவற்றையும் ஒரே காலையில் சுனாமி கொண்டுபோனது. அன்றைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்ததால் ஸகியா தப்பினாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் இருப்பார். சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை ஸகியா மூத்தவள் றுஸ்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இளையவள் ஆதிலாவோடு ஒரு தகரக் கொட்டிலுக்கு வந்தாள். கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆதிலாவுக்கென்று ஒரு வீட்டைத் தொடங்கினாள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்து நின்றது, நின்றதுதான். ஆதிலாவைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்த்ததைவிடக் கூரையில்லாத சுவரைப் பார்த்ததுதான் அதிகம். தேநீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு பதில் சொல்லவில்லை.

வீடு முடிய ஒரு வழி இருந்தது. ஆதிலா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவது. அவளே கேட்டாள். ஸகியா சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது அவள் இரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. "எண்ட புள்ள அந்த வாசப்படிய மிதிக்கப்படாது" என்பாள், அதற்குமேல் ஒரு சொல் வராது. இடியப்பம் அவித்தே கூரை போட்டுவிடலாம் என்று ஒரு பிடிவாதம்.

இனி என்னைப் பற்றி. முப்பத்தொரு வருடம் கல்முனையில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தேன். கள்ள நோட்டைத் தொட்டாலே விரலுக்குத் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு என்னை ஒருவரும் தேடி வரவில்லை. மனைவிகூட, "சும்மா ஒரு இடத்தில இரிங்களன்" என்று சொல்லத் தொடங்கினாள். அப்போதுதான் கைபேசிகளில் லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்ததாகவும் பார்சல் வந்திருப்பதாகவும் செய்திகள் வரத் தொடங்கின. இரண்டு மூன்று பேர் ஏமாறாமல் தடுத்தேன். பெயர் பரவியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தால் இரண்டு பேராவது போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன், "பொய்" என்பேன். அப்படி அவர்கள் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. மெய்யான எதையும் என்னிடம் யாரும் கொண்டுவரவில்லை. அதனால் எதைக் கண்டாலும் பொய் என்று சொல்வது எனக்குப் பழகிப்போனது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம், ஸகியா ஒரு கடித உறையோடு வந்தாள்.

"காக்கா, இதக் கொஞ்சம் பாருங்களன். தபால்காரத் தம்பி தந்திட்டுப் போறாரு. இங்கிலீசில கிடக்கு."

முகைதீன்பாவாவின் பெயருக்கு வந்திருந்தது. கம்பனியை வேறொருவர் வாங்கப் போவதாகவும், உரிமை கோரப்படாத பங்குகளுக்குரிய பணத்தைக் கொடுக்க அவற்றின் சொந்தக்காரர்களைத் தேடுவதாகவும், உரியவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் மரணச் சான்றிதழோடு புரட்டாதி முடிவதற்குள் எழுத வேண்டும் என்றும் இருந்தது. கடைசித் திகதிக்குப் பிறகு வரும் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா. கீழே ஒரு தொலைபேசி எண்.

நான் வாசித்துச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தேன்.

"விலாசத்தப் பாத்தியா? கடலுக்குள்ள போன வீட்டுக்கு ஆரு கடிதம் போடுவான்? எங்கயோ பழைய லிஸ்ட் ஒண்டக் களவெடுத்து அனுப்பிரிக்கானுகள்."

"காசு ஒண்டும் கேக்கல்லயே காக்கா?"

"இப்ப கேக்க மாட்டான். நீ ஓமெண்டு எழுதினாப் பொறகுதான் கேப்பான். தூண்டில்ல இரை வைக்கக்கொள்ள மீனிட்டக் காசா கேக்கிற?"

அவள் சிரிக்கவில்லை.

"அவரோட ஒண்டா வேல செஞ்ச செல்லத்தம்பி அண்ணன் நீலாவணையில இரிக்காரு. உண்மையெண்டா அவருக்கும் வந்திரிக்கும்தானே? ஒருக்காப் போய்க் கேட்டுப் பாக்கட்டா?"

பெரியநீலாவணை எங்கள் ஊருக்கு வடக்கே அடுத்த ஊர். பஸ்ஸில் ஏறினால் மிச்சக் காசை வாங்குவதற்குள் இறங்க வேண்டும். ஆனால் தொண்ணூறாம் ஆண்டு இரு பக்கமும் நடந்த கொலைகளுக்குப் பிறகு முஸ்லிம்களான எங்களுக்கும் அந்த ஊர்த் தமிழ் ஆட்களுக்கும் இடையில் போக்குவரத்து மெலிந்துவிட்டது. சந்தையில் மீன் வாங்குவோம், காசைக் கொடுப்போம், வீட்டுக்குள் போகமாட்டோம். முகைதீன்பாவாவும் செல்லத்தம்பியும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய், ஒரே கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றவர்கள். அவர்களுக்கிடையிலும் அதோடு அறுந்தது.

ஆனால் நான் அவளைத் தடுத்ததற்கு அது காரணமில்லை. அப்படிச் சொன்னால் என் குற்றத்தைத் தொண்ணூறாம் ஆண்டின் தலையில் கட்டுவதாகிவிடும். நான் ஒன்றைப் பொய் என்று சொன்ன பிறகு, அது உண்மையா என்று கேட்க ஒருத்தி இன்னொரு ஊருக்குப் போவதா? அதுதான் எனக்கு ஏறவில்லை.

"அங்க போய் என்னத்தக் கேக்கப் போறாய்? முப்பத்தொரு வருசம் பேங்கில இருந்தவன் சொல்றன், அது போதாதா?" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை வைத்திருப்பேன். வங்கியில் செல்லாத காசோலையைக் குறுக்கே கீறி எழுதிப் பழகிய கை. கடிதத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'பொய்' என்று எழுதி, கீழே கையொப்பமும் வைத்தேன். திகதிகூடப் போட்டேன். அந்த எண்ணுக்கு ஒரு தரம் அழைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஸகியா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எரித்துவிடு என்று சொல்லியிருந்தேன். அவள் எரிக்கவில்லை.

அடுத்த வருடம் தை மாதம் செல்லத்தம்பியே வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கழிந்து எங்கள் ஊருக்குள் வழி கேட்டு வந்த மனிதர், கையில் ஒரு பை நிறையக் கருவாடு. நான் ஸகியாவின் கொட்டிலுக்கு முன்னால் இடியப்பத்துக்காக நின்றேன்.

"தங்கச்சி, என்னத் தெரியுதா? முகைதீன்பாவாட கூட்டாளி."

அவள் கதிரையைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் அவர் அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இன்னும் வேல தொடங்கல்லயா? பங்குக் காசு வந்திரிக்குமே. எனக்கு மார்கழியிலயே வந்திட்டு. மகனுக்கு வள்ளத்துக்கு ஒரு இஞ்சின் எடுத்துக் குடுத்தன். பாவா என்னவிடக் கூடின காலம் வேல செஞ்சவன், அவனுக்கு இன்னும் கூட வந்திரிக்கும். அதக் கேட்டுச் சந்தோசப்பட்டுட்டுப் போவமெண்டுதான் வந்தன்."

ஸகியா உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்தாள். ஆதிலாவின் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் விரித்துப் பார்த்தார்.

"ஓம், இதான். எனக்கும் பழைய விலாசத்துக்குத்தான் வந்திச்சு. கம்பனிக்காரனுக்குத் தெரிஞ்ச விலாசம் அதுதானே? கள்ளனெண்டா இப்ப இரிக்கிற விலாசத்தத் தேடி எடுத்திருப்பான்." பிறகு கோடுகளைத் தடவினார். "இது ஆரு கீறின?"

கையொப்பம் தமிழில் இருந்தது. அஸீம் என்று எழுத்துக்கெழுத்து வாசிக்கலாம். ஸகியா என் பக்கம் திரும்பவில்லை.

"சும்மா கை பட்டிட்டு அண்ணன்" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். நான் அப்போதுகூட வாய் திறக்கவில்லை. இடியப்பப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்கங்கெட்டவனாக நின்றேன்.

அன்று பின்னேரமே அந்த எண்ணுக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். அவ்வளவு சுலபம். மிகவும் மரியாதையாகக் கதைத்தாள். பெயர் பட்டியலில் இருந்தது என்றும், கடைசித் திகதி போய்விட்டது என்றும் சொன்னாள். இரண்டு கடிதம் எழுதினேன், ஒரு தரம் கொழும்புக்கும் போய்வந்தேன். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் விலாசம் சரியாக இருந்தது.

ஸகியாவிடம் போய் என் பிழை என்றேன். "நீங்க என்ன செய்ற காக்கா, எங்கட நசீபு" என்றாள். என் பிழையை நசீபு, தலைவிதி என்று சொல்லி அவள் மூடிவிட்டதுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. ஆதிலா அப்படி மூடவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் சலாம் சொல்வதில்லை. அவள் செய்வது சரி.

போன மாதம் ஆதிலா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்கு அவள் தெரிவாகியிருப்பதாக ஒரு முகவர் நிலையத்திலிருந்து வந்தது. தாய்க்குத் தெரியாமல் விண்ணப்பித்து, பிறகு அழுது, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து சம்மதம் வாங்கியிருக்கிறாள். மூன்றாவதாக வந்த வரனும் கூரையைக் கேட்டுவிட்டுப் போயிருந்தது.

"உம்மாதான் ஒங்களிட்டக் காட்டச் சொன்னா" என்றாள். கடிதத்தை மேசையில் வைத்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். "பேனையத் தொடாம வாசிங்க மாமா."

வாசித்தேன். பெயர் சரி. விலாசம் சரி. அடையாள அட்டை எண் சரி. முகவர் நிலையத்துக்கு அழைத்தேன். அனுமதிப் பத்திர எண்ணை எழுதிக்கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கந்தோருக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். குவைத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவரச் செய்தேன். ஒரு வாரம் அலைந்தேன். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று அலைந்தேன். கிடைக்கவில்லை.

முடிவைச் சொல்ல நானே கொட்டிலுக்குப் போனேன். ஸகியா மாப் பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே எழும்பி வந்தாள்.

"வடிவாப் பாத்திங்களா காக்கா?"

"ஓம்."

"போன் எடுத்துக் கேட்டிங்களா?"

"கேட்டன். கந்தோருக்கும் போய்ப் பாத்தன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய்யா இரிக்காதா காக்கா?" என்று கேட்டாள். "நீங்க சொன்னா அவள் கேப்பாள். பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்களன்."

ஆதிலா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஸகியா" என்றேன். "உண்மைதான்."