கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டீ

ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் நான் சமையல்காரி. சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது மூத்த மகள் எஸ்தர் போன் செய்தாள். "யம்மா, ஆசீர்வாதம் ஐயா தூக்கத்துலயே போய்ட்டாராம்." கடுகு கருகிப் புகைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அன்றைய சட்னியை ஒரு பெண்ணும் குறை சொல்லவில்லை. அதிலேயே எனக்கு இன்னும் அழுகை வந்தது.

சபையாருக்கு ஐயாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் நடத்திவைத்த போதகர். வெள்ளை அங்கிக்குக் கீழே எப்போதும் ரப்பர் செருப்பு. "மாப்பிள்ளையே ஷூ போட்டுக்கினு வந்துகீறாரு, நீங்க இன்னா ஐயா?" என்று சீண்டுவேன். "அவருக்கு ஒரு நாள்தாம்மா கடிக்கும், எனக்கு வாராவாரம் கடிக்குமே" என்பார்.

ஒரு தடவை, நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த மாப்பிள்ளை பிரசங்கத்தின் நடுவே தூங்கி, பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டார். பெண் வீட்டார் முறைத்தார்கள். ஐயா வேதாகமத்தை மூடினார். "இவ்ளோ ஜனத்துக்கு முன்னால தோள்ல சாஞ்சி தூங்குறான்னா, அந்தப் பொண்ணு மேல எவ்ளோ நம்பிக்கை பாருங்க. இதுக்கு மேல நான் இன்னாத்த பிரசங்கம் பண்றது?" ஆலயமே சிரித்தது. மாப்பிள்ளையும் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஞாயிறு ஆராதனையில் சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிப்பதற்கு முன்னால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஐயா தன் வீட்டுக்கு வரச்சொல்வார். புத்திமதி கிடையாது. "ரெண்டு பேரும் உள்ள போயி எல்லாருக்கும் டீ போட்டுக்கினு வாங்க" என்பார். முன்னறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டால்தான் ஓலை.

எஸ்தருக்கு, அவளைப் போலவே கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் டேவிட்டைப் பேசி முடித்தபோது நாங்களும் போனோம். குன்றத்தூரிலிருந்து டேவிட்டின் அம்மாவும் வந்திருந்தார். உள்ளே வெறும் பாத்திரச் சத்தம்தான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஐயா, "இன்னொரு தபா போடுங்க" என்றார். மறுபடியும் பாத்திரச் சத்தம்.

"டீ நல்லாத்தான ஐயா கீது? பால் தீர்ந்துடப் போவுது" என்றேன்.

"பேசாம போட்ட டீம்மா இது. நான் ஓலை வாசிக்கமாட்டேன்."

மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஐயா எஸ்தரைக் கூப்பிட்டு, "உன் மனசுல இன்னாம்மா கீது?" என்றார். அவள் தலையைக் குனிந்தாள். "அவ கூச்சப்படுறா ஐயா" என்று நான் நடுவில் புகுந்தேன். என்னைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினார். அப்புறம் அவரும் பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை. வாசலில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் எஸ்தர் சொன்னாள்: "வேலைய வுடச் சொல்றாங்க ஐயா. எனக்கு வுட இஷ்டம் இல்ல." அப்போதுதான் அவள் லைன் லீடராகியிருந்தாள்.

"யாரு சொன்னது?" என்றார் டேவிட்.

"நான்தாம்பா" என்றார் அவர் அம்மா. "வூட்டப் பாக்க ஆள் வாணாமா?"

டேவிட் எஸ்தர் பக்கம் திரும்பினார். "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தச் சண்டைய உள்ள போயி போடுங்க. அப்படியே டீயும் போடுங்க."

உள்ளே நல்ல சண்டை. பிறகு ஒரு சிரிப்பு. டேவிட் டம்ளர்களோடு வந்து, "யம்மா, அவ வேலைக்குப் போவட்டும். ஆளுக்கொரு ஷிப்ட் வாங்கிக்கிறோம், வூட்ல யாராச்சும் ஒருத்தர் இருப்போம்" என்றார்.

"எல்லா வாரமும் அப்படி வாங்கிடாதப்பா, அப்புறம் ஒருத்தர ஒருத்தர் எப்பப் பாக்குறது?" என்றார் ஐயா.

"சோறு யாரு ஆக்குறது?" என்றார் அம்மா.

"வூட்ல இருக்கிறவங்க."

"நீயா!"

"எங்க ஹாஸ்டலுக்கு அனுப்பி வைங்க சம்பந்தி, நான் கத்துத் தர்றேன்" என்றேன். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். அந்த ஞாயிறே ஓலை வாசிக்கப்பட்டது.

எஸ்தர் இன்றும் வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை வைக்கும் ரசம் என்னுடையதைவிட நன்றாயிருக்கிறது, அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. என்னைத் தெரிந்த உங்களுக்கு அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். இளையவள் ரூத்துக்கு இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. "உனக்கு இஷ்டமாடி?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கிறேன்.