துரை வீட்டு மானின் கொம்புகள்

எனக்கு அப்போது ஒன்பது வயது முடிந்து இரண்டு மாதம். தல்லாகுளத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தோட்டம் என் தந்தையின் பொறுப்பில் இருந்தது. தோட்டத்தின் கோடியில், இரண்டு அறை கொண்ட வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். வேலை போனால் வீடும் போகும் என்று அம்மா வாரம் ஒருமுறையாவது நினைவூட்டுவாள்.

துரை ஒரு புள்ளிமான் வளர்த்தார். தை மாதம் வந்து சேர்ந்தபோதே அதற்குக் கொம்புகள் முற்றியிருந்தன, பக்கத்துக்கு மூன்று கிளை. விருந்தினர் யார் வந்தாலும் முதலில் அந்தக் கொம்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

சித்திரையில் துரை கொடைக்கானலுக்குப் போனார். அவர் போன சில நாட்களில் மானின் குணம் மாறியது. வேப்பமரத்துப் பட்டையைக் கொம்பால் உரித்தது. கழுத்தை நீட்டி, கரகரத்த குரலில் கத்தியது. தண்ணீர் வைக்கப்போன தந்தையைத் தொடையில் குத்தியது. ஆறு தையல் போட்டார்கள்.

பார்க்க வந்த தாய்மாமன் திருமங்கலத்துக்காரர். நான்கு வண்டிமாடுகள் வைத்திருந்தவர், உலகத்து உயிர்கள் அனைத்தையும் அந்த நான்கைக் கொண்டே அறிந்தவர்.

"இதுக்குப் போயி படுத்துட்டீகளே மச்சான்! காயடிச்சு விட்டா கன்னுக்குட்டி மாதிரி நிக்கப் போகுது."

"துரை கேட்டா என்னடா மாப்ள சொல்றது?"

"என்னத்தக் கேக்கப் போறாரு? சாதுவா நிக்கிறதப் பாத்து மெடல் குடுப்பாரு."

மறுநாள் காலை ஊரிலிருந்து காளைகளுக்குக் காயடிப்பவர் ஒருவரை மாமா கூட்டி வந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இங்க என்ன சோலி? உள்ள போ" என்று என்னை விரட்டினார்கள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கத்தல் கேட்டது. மானுக்கு ஏதோ வைத்தியம் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

வைத்தியம் பலித்தது. ஒரு வாரத்தில் மான் என் உள்ளங்கையிலிருந்து அகத்திக்கீரை தின்றது. ஆனால் பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, வலது கொம்பு தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்தது. வியாழக்கிழமை இடதும் விழுந்தது. தலையில் இரண்டு சிவந்த வட்டங்கள் மட்டுமே மிச்சம். நாங்கள் மாட்டுக் கொம்பை மட்டும் அறிந்தவர்கள். விழுந்த கொம்பு திரும்ப முளைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"ஒந் தம்பி கொம்போட சேத்து நம்ம வீட்டையும் கழட்டிட்டான்" என்றார் தந்தை அம்மாவிடம்.

சேதி கேட்டு ஓடிவந்த மாமா சளைக்கவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி மூன்றையும் அரைத்துக் குழைத்தார். "இந்தச் சாந்துல கோபுரமே நிக்குது. இம்புட்டுக் கொம்பு நிக்காதா?" வலது கொம்பை ஒட்டி, கையை மெல்ல எடுத்தார். மான் தலையை ஒரு உலுக்கு உலுக்கியது. கோபுரம் அவர் காலிலேயே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை துரை திரும்பினார். யார் அறுத்தது என்று அவர் போட்ட சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. மாட்டு டாக்டரை அழைத்துவர ஆள் போயிற்று. அம்மா அழுதுகொண்டே சட்டிபானைகளை ஒரு பழைய சேலையில் மூட்டை கட்டினாள்.

டாக்டர் தமிழர், கண்ணாடி போட்டவர். விழுந்த கொம்பின் அடியைத் தடவினார். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டி முகர்ந்தார். பிறகு மானின் பின்பக்கம் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை என் மாமாவின் மேல் நின்றது. மாமா வேப்பமரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். துரையின் முகம் மெல்லத் தளர்ந்தது. கொம்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டர் தந்தையிடம் வந்தார். "பயப்படாதீங்க. மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்துதான் மொளைக்கும், ஒருத்தரும் அறுக்கலன்னு சொல்லிட்டேன்." மாமாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க வைத்தியம் மாட்டோட இருக்கட்டும், என்ன?"

அம்மா மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள். தந்தை தொடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொம்பு விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

டாக்டர் சொன்னபடியே புதுக் கொம்புகள் முளைத்தன. மென்மையான ரோமத்தோல் போர்த்தி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. அந்தத் தோல் எப்போது உரியும் என்று துரை கேட்டபோதெல்லாம், அடுத்த பருவத்தில் என்றார் டாக்டர். மூன்று வருடம் கழித்துத் துரை சீமைக்குப் போகும்வரை அது உரியவே இல்லை.

பருவத்துக்குப் பருவம் ஆண்மானின் விதையில் ஊறி இரத்தத்தில் கலக்கும் ஒரு சுரப்புதான் கொம்பை இறுகவைத்துத் தோலை உரிக்கிறது, அது வற்றும்போதுதான் கொம்பும் விழுகிறது என்று வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். ஹார்மோன் என்று அதற்குப் பெயர் போட்டிருந்தது. டாக்டர் துரையிடம் சொன்னது பொய்யல்ல. பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

எனக்கு அப்போது தெரிந்த காரணமோ வேறு. தினமும் நான் தடவிக் கொடுப்பதால்தான் கொம்பு பூப்போல இருக்கிறது என்று மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போனார். மாடுகள் திருமங்கலத்தில் இருந்தன.