குளியலறையில் நின்றுபோன ஜெபம்

இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது நான் அதை ஒருவரிடம் மட்டுமே சொன்னேன். திருநின்றவூரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்வீட்டில் இருந்த அக்காவிடம். இருவருக்கும் ஒரே சபை. அடுத்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவர் எழுந்து, என் பெயரைச் சொல்லி, கலைந்துபோனதையும் சொல்லி, எனக்காக எல்லோரும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். எல்லோரும் கண்களை மூடினார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன்.

அதன்பின் சபைக்குப் போகவில்லை. கணவர் காலை ரயிலுக்குக் கிளம்பியதும் வீட்டுக்குள் அடைந்துகொள்வேன். பின்பக்க ஜன்னலைத் திறப்பதே இல்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று.

ஒருநாள் முற்பகலில் குளியலறைத் தாழ்ப்பாளின் பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. போன் சமையலறையில். தோளால் இடித்தேன், கதவு அசையவில்லை. தலைக்கு மேலே சின்ன வென்டிலேட்டர், அதுவும் அக்காவின் கொல்லைப் பக்கம். அவர் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. கத்தினால் அவருக்குத்தான் கேட்கும்.

கத்தவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வேறு யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று வேண்டினேன். யாரும் வரவில்லை. சின்ன வயதில் படித்த பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பதுபோல் என்று வரும் இடத்தில் நின்றுபோனேன். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அங்கேயே. நான்காம் முறை, என்னால் முடியவில்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வாளிமேல் ஏறி, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

அன்று முன்கதவைத் தாழிட மறந்திருந்தது நல்லதாயிற்று. ஓடிவந்தார்.

"இன்னாம்மா, உள்ள மாட்டிக்கினியா? ஆசாரிக்கு போன் போட்டுட்டேன். ஆவடிலருந்து வரணும், ஒரு மணி நேரம் ஆவும். நான் இங்கியே கீறேன்."

முகம் தெரியாததால்தான் கேட்க முடிந்தது. "ஏன்க்கா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தரையில் உட்காருவது கேட்டது.

"ஜெபத்துக்காவதான் சொன்னேன்னு எனக்கே சொல்லிக்கினு இருந்தேன். அது பொய்ம்மா. உன் விஷயம் எனக்குத்தான் தெரியும்னு காட்டிக்க ஆச. உன் ஊட்டு வாசல் வரிக்கும் ரெண்டு வாட்டி வந்தேன். கூப்பிட தைரியம் இல்ல."

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆசாரி வந்து கீலைக் கழற்றும்வரை அவர் கதவுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரும்பும் வழியில் அக்காவிடம் ஒன்று சொன்னேன்: கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டால் இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறேன் என்று. அது யார் வாயிலிருந்து திரும்பி வருமோ என்று மூன்று வாரம் பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. நான்காவது வாரம் இன்னொன்று சொன்னேன்.