நூற்றிரண்டு கிலோவும் நாலு பேரிங்கும்

இடால்மிஸ் லெக்ரா உடம்புக் கனத்தால்தான் ஜெயித்தாள் என்கிறவன் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். பராகோவா மலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கொக்கோ மூட்டைகளை எடை போடுகிறவன் நான். கனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மலையில் பாதிப் பேருக்குச் சிவிச்சானாதான் வாகனம். ஒரு பலகை, அதன் கீழே சக்கரமாகப் பழைய லாரியில் கழற்றிய நாலு பேரிங், மிதித்து நிறுத்த ஒரு டயர்த் துண்டு, அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, இறக்கம்தான் இழுக்கும். எட்டு வீட்டுக் கொக்கோவை இடால்மிஸ் அதில்தான் இறக்குவாள். வண்டியும் அவள் செய்ததுதான்.

ஆண்கள் பேரிங்கில் கிரீஸை அப்பிவைப்பார்கள். சத்தம் வராது, துருப்பிடிக்காது. இடால்மிஸோ மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடுவாள். பிறகு விரலால் சுண்டிவிட்டு, கொக்கோவில் காய்ச்சிய சூடான சொரோத்தே ஒரு கோப்பை குடிப்பாள். கோப்பை காலியாவதற்குள் பேரிங் நின்றுவிட்டால் மறுபடி கழுவுவாள்.

"கிரீஸு மெத்தை மாதிரி. பேரிங் அதுல படுத்துத் தூங்கிடும்" என்பாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் திருவிழாவின் இறக்கப் பந்தயத்தில் இரண்டு வருஷம் அவள்தான் முதல். மூன்றாம் வருஷம் பந்தயக் குழுத் தலைவர் வில்ஃப்ரேதோ கோபாஸ் புது விதி கொண்டுவந்தார். எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ஓட்டக்கூடாதாம். பாதுகாப்புக்காம்! என் கொக்கோத் தராசையே தூக்கிவந்து, ஊர் பார்க்க அவளை ஏற்றி நிறுத்தினார்கள். நூற்றிரண்டு என்று முள்ளைப் படித்துச் சொன்னவன் நான். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

"ரெண்டு மூட்டை கொக்கோ ஒண்ணா உருண்டு வந்தா எவன்டா முந்த முடியும்?" என்றான் கூட்டத்தில் ஒருவன். ஒரே சிரிப்பு.

இடால்மிஸ் தராசை விட்டு இறங்கவில்லை. "கனம் ஓட்டுதா, என் கை ஓட்டுதான்னு இப்பவே பாத்துடலாம் சார். நான் எண்ணெய் போட்ட வண்டி ரெண்டு இருக்கு. ஒரே எடையில ரெண்டு பேர் ஏறட்டும். ஒருத்தன் பின்னால மட்டும் அம்பது கிலோ மூட்டை வைங்க."

வைத்தோம். வளைவு வரை இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் வந்தன. கீழே, கடல் காற்று முகத்தில் அடிக்கிற நேர்ச் சாலையில், மூட்டை வைத்த வண்டி ஒரு வண்டி நீளம் முந்தியது.

"காத்து தடுக்கிறப்போ கனம் கொஞ்சம் கைகொடுக்கும், இல்லேங்கல. அது ஒரு வண்டி நீளம். போன வருஷம் நான் எத்தனை நீளத்துல ஜெயிச்சேன்?"

"எட்டு" என்றேன் நான், ஊருக்கே கேட்கும்படி.

"அப்போ மிச்சம் ஏழு எங்கேருந்து வந்துச்சு?"

வில்ஃப்ரேதோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விதின்னா விதிதாம்மா."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. யோவாந்த்ரியைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயது, அறுபத்தோரு கிலோ, போன வருஷம் கடைசியாக வந்தவன். "என் வண்டியை எடுத்துக்க. பரிசும் நீயே வச்சுக்க. ஜெயிச்சா, இது இடால்மிஸோட கைவேலைன்னு மைக்குல ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு."

"கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றான்.

ஜெயித்தான். ஆறு வண்டி நீளத்துக்கு மேலேயே இருக்கும். எண்பது கிலோவைத் தொட்டும் தொடாமலும் இருந்த தடியன்கள் எல்லாம் பின்னால் வந்தார்கள். அப்போது கனத்தைப் பற்றி ஒருவனாவது வாயைத் திறந்தானா? என் தராசு ஒரு மூலையில் கிடந்தது, யாரும் தேடவில்லை.

"திறமைன்னா இதுதான்யா!" என்று வில்ஃப்ரேதோ அவன் கையைத் தூக்கிப் பிடித்தார். மைக் யோவாந்த்ரியிடம் வந்தது. அம்மாவுக்கு நன்றி சொன்னான், நண்பர்களுக்குச் சொன்னான், தெருமுனை பீர்க் கடைக்காரருக்குக்கூடச் சொன்னான். இடால்மிஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு, "வளைவுல பிரேக்கைத் தொடாத தைரியம் வேணும், அவ்ளோதான்" என்றான். ஊரே கைதட்டியது. அவள் ஜெயித்தால் சதை, இவன் ஜெயித்தால் திறமையா?

இடால்மிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். வண்டியைத் தலைகீழாகப் புரட்டினாள். குறடால் ஆணிகளைப் பிடுங்கி, நாலு பேரிங்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டாள். கைதட்டல் தானாக நின்றது.

"அக்கா, என்னக்கா இது?" என்றான் யோவாந்த்ரி, மைக்கைக் கீழே வைக்க மறந்து.

"பலகை உனக்கே தம்பி. தைரியம்தான் உன்கிட்ட நெறைய இருக்கே. சக்கரத்துக்குப் பதிலா அதை மாட்டி ஓட்டு."