எந்த விளக்கு?

தலைமை ஆசிரியை இருந்தார். வகுப்பு ஆசிரியரான கணக்கு சார் இருந்தார். காது கேளாத பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் பூதலூரிலிருந்து வண்டியில் வரும் டீச்சர் இருந்தார். பத்தாவது படிக்கும் என் மகள் இருந்தாள். நான் இருந்தேன். நடவு வயலிலிருந்து நேராகப் போனதால் புடவையெல்லாம் சேறு.

மகள் காதில் மிஷின் உண்டு. அது பாதிதான் உதவும். மீதியை எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"உக்காருங்கம்மா," என்றார் தலைமை ஆசிரியை.

அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. நம்மை உட்காரச் சொன்னால் ஏதோ இருக்கிறது.

"உங்க பொண்ணுக்கு இங்கிலீஷ்ல விலக்கு வாங்கலாம்னு இருக்கோம்."

விலக்கு என்றால் எனக்குத் தெரிந்தது ஒதுக்கி வைப்பது. முன்பு படித்த பள்ளியில் சலுகை என்றார்கள். வீட்டுப்பாடம் வேண்டாம், பரீட்சை வேண்டாம் என்றார்கள். கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றார்கள். ஒரு வருஷம் வீட்டில் கிடந்தாள்.

மகள் தலைமை ஆசிரியையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த விளக்கு?" என்றாள்.

கணக்கு சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாயைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பூதலூர் டீச்சர் ஒரு தாளில் 'விலக்கு' என்று எழுதி மகளிடம் காட்டினார். "இங்கிலீஷ் பரீட்சை நீ எழுத வேணாம். மத்த பரீட்சைக்கு உனக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும். விதியிலயே இருக்கு."

"இதுல யாருக்கு லாபம்?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"எங்களுக்கு மேல தண்ணி பாய்ச்சுற மேமடைக்காரன் அவனா வந்து, உங்க வயலுக்குத் தண்ணி வேணாம்னு சொன்னா நான் கேக்கத்தான் செய்வேங்க. நூத்துக்கு நூறு பாஸுன்னு வாசல்ல போர்டு கட்டணும். எம்பொண்ணு அதுக்கு இடைஞ்சல். அதானே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுவும்தான்," என்றார்.

"அவளப் பாத்துச் சொல்லுங்க."

திரும்பினார். மகளைப் பார்த்துச் சொன்னார். "எங்களுக்கும் லாபம்தான். உனக்கும் லாபம்."

"மார்க்கை எத்தனைக்குப் போடுவீங்க? ஐந்நூறுக்குப் போட்டு நூறை முழுங்கிடுவீங்களா?"

"நானூறுக்குத்தாம்மா," என்றார் கணக்கு சார்.

"வரட்டும், பாக்குறேன்."

மகள் என் கையைத் தட்டினாள். "இங்கிலீஷ் வேணாம்மா. அந்த நேரத்துல கணக்குப் போட்டுப் பாப்பேன். ஆனா சார் போர்டைப் பாத்துக்கிட்டே பேசக் கூடாது."

சாருக்குச் சிரிப்பு போய்விட்டது. "சரிம்மா," என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அவர்களை நம்பிப் போடவில்லை. அவள் கேட்டாள், போட்டேன்.

கணக்குப் பரீட்சை அன்று உளுந்து பறிக்கப் போகவில்லை. பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றேன். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை.

"முடிஞ்சிருச்சேம்மா, யாருக்கு நிக்கிறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"எம்பொண்ணுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"அப்படியெல்லாம் கொடுப்பாங்களா?"

"அதைப் பாக்கத்தான் நிக்கிறேன்."

கொடுத்திருந்தார்கள். விரலில் மையோடு கடைசியாக வந்தாள். அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

மார்க் வந்த அன்று பாடங்களைப் பார்க்கவில்லை. கீழே இருந்த மொத்தத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

நானூறுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.